இணையத்துக்கு வரி, இறாலுக்கு மிரட்டல்

வெளிநாட்டில் அச்சான புத்தகத்தை இறக்குமதி செய்தால் 5 சதவீதச் சுங்கத் தீர்வை என்று 2019 பட்ஜெட் அறிவித்தது. அதே புத்தகம் மின்னூலாக இணையம் வழியே வந்தால் சுங்கத்துறைக்கு வேலையில்லை. மின்னணுப் பரிமாற்றத்துக்குத் தீர்வை விதிப்பதில்லை என்று உலக வர்த்தக அமைப்பின் நாடுகள் 1998இல் ஒப்புக்கொண்டதுதான் இதற்கு வேர். தற்காலிகம் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். மாநாட்டுக்கு மாநாடு நீட்டித்தே கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. வருவாய் போகிறதே என்று இந்தியாவும் இந்தோனேசியாவும் தென்னாப்பிரிக்காவும் முறையிட்டு வந்திருக்கின்றன. இந்தோனேசியா 2018இல் மென்பொருளுக்கென்று தீர்வைப் பட்டியலில் ஓர் இடமே ஒதுக்கி, விகிதத்தைப் பூஜ்யமாக வைத்தது; வேண்டும்போது ஏற்றிக்கொள்ளலாம் அல்லவா. கெட்டிக்காரத்தனம்தான்!

சுங்கம் இல்லை என்பதால் வரியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டு நிறுவனத்தின் திரைப்படச் சந்தாவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. சிக்கல், அந்த நிறுவனத்தின் வருமானத்துக்கு யார் வரி வசூலிப்பது என்பதில்தான் இருந்தது. இங்கே அலுவலகமே இல்லாதவரிடம் வருமான வரி கேட்க முடியாது. அதனால் இந்தியா 2016இல் இணைய விளம்பரத்துக்கு 6 சதவீதமும், 2020இல் வெளிநாட்டு மின்வணிக நிறுவனங்களுக்கு 2 சதவீதமும் சமன்படுத்தும் வரி போட்டது.

பதில் வேறு திசையிலிருந்து வந்தது. அந்த 2 சதவீத வரி தன் நிறுவனங்களுக்குப் பாகுபாடு காட்டுகிறது என்று 2021இல் முடிவுகட்டிய அமெரிக்கா, இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீதக் கூடுதல் தீர்வை என்று பட்டியல் போட்டது. அதில் இருந்தவை இறால், பாசுமதி அரிசி, நகைகள். இணைய வணிகத்துக்கும் இறால் பண்ணைக்காரருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை; அடி மட்டும் அவருக்கு. பட்டியல் அறிவித்த கையோடு நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு பேச்சு நடந்தது. 2 சதவீத வரி 2024 ஆகஸ்டிலும் 6 சதவீத வரி 2025 ஏப்ரலிலும் விலகின.

தரவிலும் இதே இழுபறி. பணப்பரிமாற்றத் தரவை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் உத்தரவிட்டது. இணங்காத வெளிநாட்டு அட்டை நிறுவனங்கள் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க 2021இல் தடை விழுந்தது. அப்படித் தரவை உள்நாட்டில் கட்டிப்போடக் கூடாது என்று உலக வர்த்தக அமைப்பில் வாதாடிய அமெரிக்காவே, பெருநிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தனக்கும் இடம் வேண்டும் என்று 2023 அக்டோபரில் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2022இல் செய்த வர்த்தக ஒப்பந்தத்தில் மின்வணிக அத்தியாயத்துக்கு இந்தியா இடம் கொடுத்தது. ஆனால் அதைக் காட்டி வழக்காட முடியாதபடி எழுதிக்கொண்டது.