மலைச்சரிவில் பிக்ஹார்ன் ஆட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

வட அமெரிக்காவின் ராக்கி மலைகளுக்கு பிக்ஹார்ன் காட்டு ஆடுகளைத் தேடிப் போகிறவர்களில் பலர், எதிர்ச்சரிவிலேயே ஆடு இருந்தும் பார்க்காமல் திரும்பிவிடுவதுண்டு. வளர்ந்த கிடாவின் எடை 130 கிலோவைத் தொடும். கொம்புகள் மட்டுமே 14 கிலோ வரை கனக்கும். இவ்வளவு பெரிய விலங்கு எப்படி மறைகிறது? அதன் பழுப்பு ரோமம் பாறை நிறத்தோடு கலந்துவிடுகிறது. நம் கண்ணோ அசைவதைத்தான் முதலில் பிடிக்கும். மேய்ந்து முடித்த ஆடு அசைபோட்டபடி நெடுநேரம் படுத்தே கிடக்கும்.

அதனால் முழு ஆட்டைத் தேடாதீர்கள். அதன் பின்புறத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும், அதைத் தேடுங்கள். சரிவைப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொண்டு, பைனாகுலரில் ஒரு பட்டையை நிதானமாகப் பார்த்து முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அக்கம்பக்கத்தில் இன்னும் சில இருக்கும்.

சரி, எந்தச் சரிவைப் பார்ப்பது? செங்குத்துப் பாறையை ஒட்டிய புல்வெளியை. ஓநாயோ பூமாவோ துரத்தினால் சமதளத்தில் ஓடிப் பிழைப்பது இந்த ஆட்டுக்குக் கடினம். பாறையில் ஏறிவிட்டால் பிடிப்பது அரிது: குளம்பின் விளிம்பு கடினமாக இருந்து பாறை இடுக்கில் பதியும், நடுவிலுள்ள மெத்தென்ற பகுதி வழுக்காமல் பற்றும். ஆகவே மேயும்போதும் பாறையை விட்டு அதிக தூரம் போகாது.

இந்த எச்சரிக்கையை அது தளர்த்துவது உப்புக்காக. வசந்தத்தில் துளிர்க்கும் புல்லில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. மிகுதியான பொட்டாசியத்தை உடல் வெளியேற்றும்போது சோடியமும் கூடவே போய்விடுகிறது. பால் கொடுக்கும் பெட்டைகளுக்குத் தாது உப்புகளின் தேவை இன்னும் அதிகம். கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் ஷீப் லேக்ஸ் என்ற இடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மலையிலிருந்து மந்தைகள் இறங்கி, சாலையைக் கடந்து, அங்குள்ள தாது மண்ணைத் தின்ன வருகின்றன. அவை கடக்கப் பூங்கா ஊழியர்கள் வண்டிகளை நிறுத்துகிறார்கள். முதல்முறை படம் எடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த இடத்தைத்தான். ஆட்டைத் தேடி மலையேற வேண்டாம், அதுவே வரும்.

மலையில்தான் எடுப்பேன் என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் இந்த ஆடுகளின் இதயத் துடிப்பைக் கருவி மூலம் அளந்த ஆய்வு 1982இல் வெளியானது. வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லாதபோதே, மனிதரைக் கண்டு துடிப்பு எகிறியது. நாயோடு வந்தவர்களும், முகட்டுக்கு அப்பாலிருந்து திடீரென்று எட்டிப் பார்த்தவர்களும் அதிகம் மிரட்டினார்கள். தப்பும் வழி மேலே இருக்கும்போது மேலிருந்தே ஆள் வந்தால் எந்த ஆடுதான் பதறாது! ஆகவே கீழேயே, அதன் பார்வையில் படும்படி நில்லுங்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா விதிப்படி 23 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. அதைவிடத் தள்ளியே நின்று தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸில் எடுப்பது நல்லது.

அப்புறம், வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள். சூடான பாறைமேல் காற்று அலைந்து ஒளியை வளைப்பதால், எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் படம் கலங்கித்தான் வரும்.

நவம்பர், டிசம்பர் இணைசேரும் காலம். கிடாக்கள் மோதும் ஓசை கேட்டபின் பொத்தானை அழுத்திப் பயனில்லை. 340 மீட்டர் தூரத்திலிருந்து ஒலி வந்துசேரவே ஒரு வினாடி ஆகும். இரண்டும் பின்வாங்கிப் பின்னங்காலில் எழும்போதே அழுத்தத் தொடங்குங்கள்.