ரீமேக்: மறு ஆக்கமா, வழிப்படமா?

பழைய பொம்மைப் படத்தை இப்போது ஆட்களை நடிக்க வைத்து எடுத்திருக்கிறார்கள் என்று, பிள்ளைகளைத் தியேட்டருக்கு அழைத்துப் போகும் மதுரைப் பெற்றோர் சொல்வார்கள். அதே செய்தியைப் பத்திரிகை ‘அனிமேஷன் படத்தின் லைவ் ஆக்‌ஷன் ரீமேக்’ என்று அச்சிடுகிறது. பெற்றோர் சொன்னதில் எல்லாம் விளங்கிவிடுகிறது. பத்திரிகையின் வாக்கியத்திலோ மூன்று சொற்கள் விளக்கம் கேட்டு நிற்கின்றன. மூன்றில் ‘ரீமேக்’தான் எனக்கு முக்கியம். அதற்கு நாம் வைக்கும் தமிழ்ப் பெயர், படத்தை நாம் மதிப்பிடும் முறையையே மாற்றிவிடக்கூடியது. மற்ற இரண்டையும் முதலில் பார்த்துவிடலாம்.

லத்தீன் மொழியில் ‘அனிமா’ என்றால் மூச்சு, உயிர். ‘அனிமாரே’ என்றால் உயிர் கொடுத்தல். அதிலிருந்து வந்ததுதான் அனிமேஷன். தமிழிலும் ‘உயிர்ப்பு’ என்ற சொல்லுக்கு மூச்சு என்றே பொருள். இரு மொழிகளும் உயிரையும் மூச்சையும் ஒன்றாகவே கண்டிருக்கின்றன. இன்று தமிழில் அசைவூட்டம், இயங்குபடம் என்று இரண்டு சொற்கள் வழங்குகின்றன. வினாடிக்கு 24 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) ஓட, ஒவ்வொரு வரைபடமும் முந்தையதிலிருந்து சற்றே மாறியிருக்க, கண் அதை அசைவாகக் காண்கிறது. இந்தத் தொழில்நுட்பத்தை ‘அசைவூட்டம்’ சரியாகச் சொல்கிறது. ‘கேலிச்சித்திரம்’ இங்கே பொருந்தாது. அது நாளிதழில் வரும் கார்ட்டூனுக்கு உரிய சொல். 1937இல் வந்த ஸ்னோ ஒயிட் படத்தில் குள்ளர்கள் அவள் உடலைச் சுற்றி நின்று அழும் காட்சியை எவரும் கேலிச்சித்திரம் என்று சொல்லமாட்டார்கள்.

ஆனாலும் அசைவு வேறு, உயிர் வேறு. மீனாட்சியம்மன் கோயிலில் எல்லாம் வல்ல சித்தர் சந்நிதிக்குப் போகும் ஒவ்வொரு மதுரைக்காரருக்கும் கல்யானை கரும்பு தின்ற கதை தெரியும். சித்தராக வந்த சொக்கநாதர் கடைக்கண் காட்டியதும் கல்யானை பாண்டியன் கையிலிருந்த கரும்பை வாங்கித் தின்றது. அத்துடன் நிற்காமல் அவன் கழுத்திலிருந்த முத்துமாலையையும் பறித்தது. கரும்பைத் தின்றதைக் காட்டிலும் மாலையைப் பறித்ததில்தான் உயிர் தெரிகிறது. அதை யாரும் கேட்கவில்லை. யானை தன் விருப்பப்படி செய்தது. நல்ல அசைவூட்டப் படத்தில் வரையப்பட்ட ஒரு எலி இப்படித்தான் நம் முன்னால் தனக்கென ஒரு விருப்பத்தோடு நிற்கிறது. ‘அசைவூட்டம்’ நிலைபெற்றுவிட்ட சொல் என்பதால் அதையே ஆளுகிறேன். உயிரூட்டம் என்ற பொருளும் அதற்குள் இருப்பதாகக் கொள்ள வேண்டும்.

அடுத்தது ‘லைவ் ஆக்‌ஷன்’. தமிழில் அதிகம் சிதைக்கப்படும் சொல் இதுதான். ‘லைவ்’ என்றதும் நேரலை, நேரடி என்று கை தானாக எழுதிவிடுகிறது. நேரலை என்பது தொலைக்காட்சிக்கு உரியது. ‘நேரடிப் படம்’ என்றாலோ மொழிமாற்றம் செய்யப்படாமல் தமிழிலேயே எடுத்த படம் என்று திரையுலகில் முன்பே ஒரு பொருள் உண்டு. ‘ஆக்‌ஷன்’ என்பதை ‘அதிரடி’ என்று எழுதினால் சண்டைப் படம் ஆகிவிடும். இங்கே அந்தச் சொல்லுக்கு நடிப்பு என்பதுதான் பொருள். உயிருள்ள ஆட்கள் கேமராவின் முன் நின்று நடித்தது என்பதே கருத்து.

இந்தச் சொல் பிறந்த விதமும் கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் படம் என்றாலே ஆட்கள் நடித்ததுதான். அதற்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை. வரைந்து எடுக்கும் படங்கள் பெருகிய பிறகுதான் பழையதற்கு ஒரு அடைமொழி வேண்டியிருந்தது. எள்ளின் நெய்தான் எண்ணெய். கடலை, தேங்காய், ஆமணக்கு எல்லாவற்றின் நெய்யும் எண்ணெய் ஆன பிறகு, முதலில் அந்தப் பெயருக்கு உரியதாக இருந்த எள்ளின் நெய் ‘நல்லெண்ணெய்’ என்று அடைமொழி சேர்த்துக்கொண்டது. 1931இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய பிறகு முந்தைய படங்கள் மௌனப் படங்கள் ஆனதும் இதே வழியில்தான்.

இதற்கு ‘மெய்ந்நடிப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மெய் என்றால் உடல், உண்மையும்தான். உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று அவை எட்டு. நடிகரின் உடலை நம்பி எடுக்கும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான அடிச்சொல்லை நான் காணவில்லை. அன்றாடப் பேச்சுக்கு ‘ஆட்கள் நடித்த படம்’ போதும். அதில் குறை ஒன்றும் இல்லை.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1950இல் வந்த ‘சிண்ட்ரெல்லா’வை வரைவதற்கு முன் வால்ட் டிஸ்னி நிறுவனம் பெரும்பாலான காட்சிகளை ஆட்களை நடிக்க வைத்துப் படம் பிடித்தது. சிண்ட்ரெல்லாவாக ஹெலீன் ஸ்டான்லி என்ற நடிகை நடந்தார், ஆடினார், படியிறங்கினார். ஓவியர்கள் அந்தப் படச்சுருளைப் பார்த்து வரைந்தார்கள். ஆகவே வரைந்ததற்குப் பின்னால்தான் உடல் வந்தது என்று எண்ண வேண்டியதில்லை. அந்தக் கோடுகளுக்கு அடியிலேயே ஒரு பெண்ணின் உடல் இருந்தது.

இனி ‘ரீமேக்’. ‘ரீ’ என்றால் மீண்டும், ‘மேக்’ என்றால் செய். தமிழ்த் திரையுலகில் இது பெரும்பாலும் வேறு மொழியில் வந்த படத்தைத் தமிழில் திரும்ப எடுப்பதைக் குறித்தது. குரலை மட்டும் மாற்றினால் மொழிமாற்றுப் படம். கதையை எடுத்து நம் மண்ணுக்கு ஏற்ப மாற்றினால் தழுவல். ரீமேக் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அகராதிகளும் நாளிதழ்களும் இதற்கு மறு ஆக்கம், மறு உருவாக்கம் என்று எழுதுகின்றன. இலக்கணப்படி இவற்றில் பிழை இல்லை. எனக்குக் குறையாகப் படுவது ‘மறு’ என்ற அந்த முன்னொட்டு. மறுபதிப்பு முதற்பதிப்பைப் போலவே இருக்க வேண்டும். மறுதேர்வு, முதல் தேர்வு சரியாக அமையாததால் எழுதுவது. இந்த இரண்டு எதிர்பார்ப்புகளையும் ‘மறு’ தன்னோடு இழுத்து வருகிறது. அதனால்தான் புதிய சிண்ட்ரெல்லாவைப் பார்த்துவிட்டு வருபவர்களில் ஒரு பாதி ‘பழையதைப் போல இல்லை’ என்கிறார்கள். மறு பாதி ‘பழையதில் என்ன குறை, ஏன் திரும்ப எடுத்தார்கள்’ என்று கேட்கிறார்கள். இரண்டுமே தவறான கேள்விகள் என்பது என் உறுதியான எண்ணம்.

முன்னது ஒன்றை ஒட்டிப் பின்னது ஒன்று எழுவதற்குத் தமிழில் மிகப் பழைய பெயர் உண்டு. நூல்களை முதல்நூல், வழிநூல் என்று தொல்காப்பியம் பிரித்தது. பவணந்தி முனிவரின் நன்னூல் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்கியது. வழிநூலுக்கு நன்னூல் தரும் இலக்கணம் இது:

முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி
அழியா மரபினது வழிநூல் ஆகும்

முன்னவர் நூலின் முடிவோடு ஒத்துப்போக வேண்டும். பின்னவன் தான் வேண்டும் வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். மரபு அழியக் கூடாது. இரண்டாம் அடியில் உள்ள ‘வேண்டும்’ என்ற சொல்லைப் பாருங்கள். வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று பவணந்தியார் சொல்லவில்லை. அதை வழிநூலின் இலக்கணத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். வழித்தோன்றல், வழிமொழிதல் என்ற சொற்களில் வரும் அதே ‘வழி’தான் இது. பிறப்பால் தொடர்பு உண்டு; ஆனால் அச்செடுத்தது போல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே முதலில் வந்ததை முதற்படம் என்றும், அதை ஒட்டி எழுந்ததை வழிப்படம் என்றும் சொல்வோம்.

இந்த அளவுகோலைச் சிண்ட்ரெல்லாவில் வைத்துப் பார்க்கலாம். வழிப்படம் 2015இல் வந்தது. கென்னத் பிரானா இயக்கினார். லில்லி ஜேம்ஸ் நாயகி. முடிபு ஒத்திருக்கிறது: செருப்பு பொருந்துகிறது, மணம் நடக்கிறது. மரபும் அழியவில்லை: பூசணிக்காய்த் தேர், கண்ணாடிச் செருப்பு, நள்ளிரவுக் கெடு எல்லாம் இருக்கின்றன. விகற்பம் எங்கே? முதற்படத்தில் இளவரசன் அரிதாகவே பேசுவான்; அவனைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. வழிப்படத்தில் அவனும் அவளும் நடன விருந்துக்கு முன்பே காட்டில் சந்திக்கிறார்கள். அவன் யார் என்று அறியாமலேயே அவள் அவனோடு பேசுகிறாள். செருப்பு உடையும் இடமும் மாறுகிறது. முதற்படத்தில் சிற்றன்னை பணியாளைத் தடுக்கிவிழச் செய்து செருப்பை உடைக்கிறாள். நாயகி தன்னிடமிருந்த இன்னொன்றை எடுத்து நீட்டுகிறாள். வழிப்படத்தில் நாயகி ஒளித்து வைத்திருந்த செருப்பைச் சிற்றன்னை கண்டுபிடித்து, அவள் கண் முன்னாலேயே உடைக்கிறாள். ஒரு தந்திரம் நேருக்கு நேரான கொடுமையாகிவிட்டது. கேட் பிளான்செட் அந்தச் சிற்றன்னையாக நிற்கும்போது வெகுளிக்குப் (சினத்துக்குப்) பின்னால் இளிவரலும் (இழிவுணர்வும்) தெரிகிறது. மெய்ப்பாடு என்றால் இதுதான். காட்டுச் சந்திப்பும் கதையைச் செம்மையாக்கிய மாற்றம் என்றே கருதுகிறேன்.

இழப்பு எலிகளில். ஜாக், கஸ் என்ற இரண்டு எலிகளும் முதற்படத்தில் பேசி, தைத்து, திருடி, பயந்து படத்தின் பாதியைச் சுமந்தன. வழிப்படத்து எலிகள் கீச்சிடுகின்றன, பேசுவதில்லை. உண்மையான நடிகைக்குப் பக்கத்தில் உண்மைபோல் தோன்றும் எலி பேசினால் அந்த உலகமே குலைந்துபோகும் என்பது புரிகிறது. புரிந்தாலும் அந்தக் கலகலப்பு போனது போனதுதான்.

முதற்படம் 74 நிமிடம், வழிப்படம் 105 நிமிடம். வழிநூலுக்குத் தொல்காப்பியம் சொல்லும் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்ற நான்கில் இது விரித்தல். முதற்படம் என்பதைத் திரைக்கு மட்டுமே சொல்கிறேன். பூசணிக்காயும் கண்ணாடிச் செருப்பும் 1697இல் ஷார்ல் பெரோ பிரெஞ்சில் எழுதிய கதையிலேயே இருக்கின்றன.

மதுரைச் சீமைக்கு இந்த ரசனை புதிதில்லை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்ப்பவர்களுக்குக் கதை தெரியாதா? தினைப்புனம், கிழவர் வேடம், யானை, திருமணம் எல்லாம் மனப்பாடம். சங்கரதாஸ் சுவாமிகள் அமைத்த பாட்டும் தெரியும். இந்த ஆண்டு வந்திருக்கும் நாரதர் வள்ளியோடு எப்படித் தர்க்கம் செய்கிறார், வள்ளி எப்படி மடக்குகிறாள் என்று பார்க்கத்தான் உட்காருகிறார்கள். போன ஆண்டு நாரதரைப் போலவே பேசினால் கூட்டம் கலைந்துவிடும்; வள்ளிக்குத் திருமணம் நடக்காமல் முடித்தால் விடமாட்டார்கள். பவணந்தியாரின் மூன்று அடிகளும் அந்தக் கொட்டகையில் நடைமுறையில் இருக்கின்றன.

சார்புநூலுக்கும் இடம் உண்டு. ‘திரிபு வேறுடையது’, அதாவது சிறிது ஒத்து மற்றதில் மாறுபடுவது, என்று நன்னூல் அதை வரையறுக்கிறது. 1959இல் வந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யில் சபித்தவள் வெறும் தீயவள். 2014இல் வந்த ‘மெலிஃபிசன்ட்’ கதையை அவள் பக்கத்திலிருந்து சொல்லி, உறங்கும் பெண்ணை எழுப்பும் அன்பு முத்தத்தையும் அவளுக்கே கொடுத்துவிட்டது. இதை ரீமேக் என்று எழுதுபவர்கள் உண்டு. இது சார்புப்படம்.

எல்லாப் பெயர்களுக்கும் சோதனையாக நிற்பது 2019இல் வந்த ‘தி லயன் கிங்’. 1994இல் வந்த அசைவூட்டப் படத்தின் வழிப்படம்தான் அது, ஐயமில்லை. ஆனால் அதை ‘லைவ் ஆக்‌ஷன்’ என்று எழுதினார்களே, அது எப்படிப் பொருந்தும்? தொடக்கத்தில் வரும் சூரிய உதயம் ஒன்றுதான் உண்மையில் கேமராவில் பிடித்தது. மற்றதெல்லாம் கணினியில் உருவாக்கியது. கோல்டன் குளோப் விருதுக்கு அது அசைவூட்டப் படப் பிரிவில்தான் பரிந்துரைக்கப்பட்டது. அதில் எந்த மெய்யும் நடிக்கவில்லை. தந்தை இறந்து கிடக்கும்போது குட்டிச் சிங்கத்தின் முகம் உண்மைச் சிங்கத்தைப் போலவே இருப்பதால் அழுகையைத் தாங்க மறுக்கிறது. 1994இல் கோடுகளாக இருந்த முகம் தாங்கியது. அதை ‘அசைவூட்ட வழிப்படம்’ என்று எழுதலாம். 2015 சிண்ட்ரெல்லாவை ‘மெய்ந்நடிப்பு வழிப்படம்’ என்று எழுதலாம்.