நொண்டும் மட்டக்குதிரையின் தோளையும் பாருங்கள்

மட்டக்குதிரை முன்காலை நொண்டினால் எல்லோரும் முதலில் குளம்பைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள். அது தவறில்லை. குதிரைகளின் முன்கால் நொண்டலில் பெரும்பகுதி காலின் கீழ்ப்பகுதியில்தான் தொடங்குகிறது. மட்டக்குதிரைகளுக்குக் குளம்பழற்சியும் எளிதில் வரும். ஆனால் ஷெட்லாண்ட், ஃபலபெல்லா, அமெரிக்க மினியேச்சர் போன்ற குள்ள இனங்களில் தோளையும் சந்தேகிக்க வேண்டும்.

தோளை மார்போடு இணைக்கும் காறையெலும்பு குதிரைக்குக் கிடையாது. முன்கால்களுக்கு நடுவே உடல் தசைகளால்தான் தொங்குகிறது. எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தைச் சுமப்பவையும் முன்கால்களே. தோள்பட்டை எலும்பின் அடிமுனையில் ஒரு குழி. அதில் மேற்கால் எலும்பின் உருண்டைத் தலை பொருந்துகிறது. முழங்கால் போன்ற மூட்டுகளை இருபுறமும் இறுக்கிக் கட்டும் பக்கத் தசைநார்கள் இங்கே இல்லை. சுற்றியுள்ள தசைகளும் குழியின் வளைவும்தான் காவல்.

குள்ள இனங்களில் சில குதிரைகளுக்கு நேர்வதுபோல், அந்தக் குழியே ஆழமில்லாமல் தட்டையாக வளர்ந்துவிட்டால்? கிண்ணத்தில் வைத்த எலுமிச்சை நகராது. தட்டில் வைத்தால் உருளும். எலும்புத் தலை ஒவ்வோர் அடிக்கும் சற்றே வழுக்குகிறது. சில குதிரைகளில் பாதி விலகியே நிற்கிறது. பரந்து விழ வேண்டிய சுமை குருத்தெலும்பின் சிறு பரப்பில் குவிகிறது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் இல்லை. தேய்ந்ததைச் சரிசெய்துகொள்ளும் திறன் அதற்கு மிகக் குறைவு. உதிர்ந்த துகள்கள் மூட்டுறையை உறுத்த, அழற்சி தொடங்குகிறது. அழற்சியில் சுரக்கும் நொதிகள் எஞ்சிய குருத்தெலும்பையும் அரிக்கின்றன. குழியின் விளிம்பில் புதிய எலும்பு முளைக்கிறது. இதுதான் மூட்டுத்தேய்வு.

இந்தக் குள்ளக் குதிரைகள் நோஞ்சான் இனங்கள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 107 செ.மீ. உயரத்தைத் தாண்டாத ஷெட்லாண்ட் குதிரைகள் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் வண்டி இழுத்தவை. 1842-இல் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யத் தடை வந்தபின் அவற்றின் தேவை இன்னும் கூடியது.

நோய் பல நேரம் திடீரென்று வெளிப்படுகிறது. குதிரை காலை முன்னே நீட்டத் தயங்கி, குட்டை அடி வைக்கும். நாளாக ஆகத் தோள்பட்டைத் தசை சூம்பி எலும்பின் முகடு துருத்தும். மூட்டுக்குள் மரப்பு ஊசி போட்டதும் நொண்டல் குறைந்தால் வலியின் இடம் உறுதியாகிவிடும். காலை முன்னே இழுத்துப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தால் தட்டையான குழி தெரியும். மறு தோளையும் படம் எடுத்துவிடுவது நல்லது.

ஓய்வும் வலிநிவாரணியும் ஓரளவுக்கே உதவும். குழியின் வடிவத்தை மருந்து மாற்றாது. தகடும் திருகும் வைத்து மூட்டையே அசையாமல் இணைத்துவிடும் அறுவை சிகிச்சை இருக்கிறது. பெரிய குதிரையின் எடையைத் தாங்க வைப்பது கடினம். குள்ளக் குதிரையில் சாத்தியம். அதன்பின் நடை விறைப்பாகவே இருக்கும், ஆனால் வலி அடங்கும். பரம்பரைக் காரணம் இருக்கலாம் என்ற சந்தேகம் வலுவாக இருப்பதால், இத்தகைய தோள் கொண்ட குதிரையை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இருப்பதே என் பார்வையில் நியாயம்.