‘இலக்கியத்தில் இன்று’ என்று தினக்குறிப்பு எழுதுகிறீர்களா? முதலில் தேதியைப் பாருங்கள்

ஏப்ரல் 23 வந்தால் போதும், ‘ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் ஒரே நாளில் மறைந்தார்கள்’ என்ற வரி எங்கிருந்தாவது வந்து நிற்கும். ‘டான் குவிக்சாட்’ எழுதிய ஸ்பானியர் செர்வாண்டிஸ் இறந்தது 1616 ஏப்ரல் 22, அடக்கம்தான் 23. ஷேக்ஸ்பியரின் 23 இங்கிலாந்தில் அப்போதிருந்த பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கு. ஸ்பெயின் அதற்கு முன்பே, இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அந்தக் கணக்கில் ஷேக்ஸ்பியர் மறைந்த நாள் மே 3.

வெகுகாலம் ஜூலியனிலேயே இருந்த ரஷ்யர்களிடம் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். 19ஆம் நூற்றாண்டு ஜூலியன் தேதியோடு 12 நாள் கூட்ட வேண்டும், 20ஆம் நூற்றாண்டுக்கு 13. டால்ஸ்டாய் பிறந்த ஆகஸ்ட் 28 இப்படித்தான் செப்டம்பர் 9 ஆகிறது. ஏற்கெனவே மாற்றிய தேதிக்கு மறுபடியும் 12 கூட்டிவிடுவது வழக்கமான சறுக்கல். அதனால் குறிப்பேட்டில் தேதிக்குப் பக்கத்திலேயே ‘பழைய’, ‘புதிய’ என்று எழுதிவிடுங்கள்.

எதன் தேதி என்பதும் முக்கியம். ஷேக்ஸ்பியரின் பிறப்பையொட்டித் தேவாலயப் பதிவேட்டில் இருப்பது ஞானஸ்நானம் மட்டுமே: 1564 ஏப்ரல் 26. பிறந்த நாள் ஊகம். பாரதியின் நினைவு நாளாக செப்டம்பர் 11 அனுசரிக்கப்படுகிறது. உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி, அதாவது 12ஆம் தேதி. மேற்கோள்களுக்கு ஒரே விதி: எந்த நூல், எந்தக் கடிதம் என்று சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சரி, தேதி உறுதியாகிவிட்டது. அதை வைத்து என்ன எழுதுவது? ஆளுமையின் பெருமையிலிருந்து தொடங்கினால் இரங்கல் உரைதான் வரும். ஒரு பொருளையோ உடம்பின் ஒரு வலியையோ பிடியுங்கள். காஃப்கா ‘தீர்ப்பு’ கதையை 1912 செப்டம்பர் 22 இரவு 10 மணிக்குத் தொடங்கி, காலை 6 மணிக்கு முடித்தார். மேசைக்கடியிலிருந்து கால்களை இழுக்கவே சிரமப்படும் அளவுக்கு விறைப்பு என்று அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. படுக்கை கலையவே இல்லை, அப்போதுதான் கொண்டுவந்து போட்டது போல.

ஒரு பயிற்சி: மேதைமையைத் தள்ளிவைத்துவிட்டு அந்தப் படுக்கையை எடுத்துக்கொண்டு எழுதுங்கள். காஃப்காவின் பெயர் வரக்கூடாது. 20 நிமிடம், ஒரு பக்கம், நடுவில் எதையும் தேடிப் படிக்கக்கூடாது (தேடப் போனால் எழுத்து அத்தோடு நின்றது). கடைசி வரியை அவர் எழுதும்போது வேலைக்காரப் பெண் முன்னறையைக் கடந்து போகிறாள். அவள் கண் வழியாகத் தொடங்கலாம்.