ஸ்கோலின் போட்டபின் மூச்சு ஏன் திரும்பவில்லை?

மயக்கவியலார் ஸ்கோலின் என்று சொல்லும் சக்சமெத்தோனியம், கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி. போட்டால் ஒரு நிமிடத்தில் உடம்பின் தசைகளைத் தளர்த்திவிடும். மூச்சுக்குழாயில் டியூப் போட அது போதும். 5 முதல் 10 நிமிடத்தில் நோயாளி தானாக மூச்சு விடத் தொடங்குவார். கல்லீரல் உண்டாக்கி இரத்தத்தில் விடும் பியூட்டிரைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி, மருந்தில் பெரும்பகுதியைத் தசையை எட்டும் முன்பே உடைத்துவிடுவதுதான் காரணம். நொதி இல்லாதவருக்கு அத்தனை மருந்தும் தசைக்குப் போய்ச் சேரும். மூச்சு திரும்ப மணிக்கணக்காகும்.

இந்த நொதியின் மரபணு பிசிஎச்இ. 3ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் கடுமையான குறைபாடு. ஐரோப்பியரிடம் இது மிக அரிது. ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாட்டில் வாழும் ஆரிய வைசியர் என்ற வணிகச் சமூகத்தாரிடையே 100 பேரில் ஏறத்தாழ 4 பேருக்கு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணம் முடித்த சமூகத்தில் ஒரு பழைய மாற்றம் நிலைத்துவிட்டது. அன்றாட வாழ்வில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஊசி போடும் வரை யாருக்கும் தெரியாது.

அந்த 4 விழுக்காட்டிலிருந்து கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பழுதான பிரதி இரண்டு சேர வேண்டும் என்பதால், 0.04இன் வர்க்கமூலம் 0.2, அதுவே பழுதான பிரதியின் விகிதம். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் 2 × 0.8 × 0.2 = 0.32, அதாவது மூவரில் ஒருவர். சொந்தத்தில் மணம் முடிப்பது மிகுந்தால் உண்மை எண்ணிக்கை இதைவிடச் சற்றுக் குறையும், ஏனெனில் இந்தச் சூத்திரம் உறவு பாராமல் மணம் நடப்பதாக அனுமானிக்கிறது.

பரிசோதனையில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1957இல் வெர்னர் காலோ அறிமுகப்படுத்திய டிபுகெயின் எண், நொதியின் வேலையை டிபுகெயின் என்ற மரப்பு மருந்து எத்தனை விழுக்காடு தடுக்கிறது என்று அளக்கும்: இயல்பானவருக்கு 80, ஐரோப்பியரிடம் காணப்படும் மாறுபட்ட நொதி மட்டுமே உள்ளவருக்கு 20 அளவில். ஆரிய வைசியரிடம் காணும் மாற்றத்தில் இரத்தத்தில் நொதியே ஏறக்குறைய இல்லை. தடுக்க ஒன்றும் இல்லாதபோது அந்த எண்ணுக்குப் பொருளில்லை. முதலில் நொதியின் மொத்தச் செயல்பாட்டைக் கேட்க வேண்டும். கர்ப்பம், கல்லீரல் நோய், பூச்சிமருந்து நஞ்சு ஆகியவற்றாலும் அது குறையும். ஆகவே மரபணுச் சோதனையால் உறுதிசெய்ய வேண்டும்.

அறிக்கையைப் படிக்கும்போதும் ஒரு குழப்பம் வரும். பழைய கட்டுரைகள் இதை 307ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் என்கின்றன. இன்றைய தரவுத்தளங்கள் 335 என்கின்றன. இரண்டும் ஒன்றே. நொதி வெளியேறும்போது வெட்டப்படும் முன்பகுதியின் 28 அமினோ அமிலங்களைப் புதிய முறை சேர்த்து எண்ணுகிறது.

மூச்சு திரும்பாதபோது செய்ய வேண்டியது: வென்டிலேட்டரைத் தொடருங்கள், மயக்க மருந்தையும் நிறுத்தாதீர்கள். தசை அசையாவிட்டாலும் நினைவு திரும்பிவிடும். அந்தப் பயங்கரத்தை நோயாளி மறக்க மாட்டார். நரம்பைத் தூண்டிப் பார்க்கும் கருவியில் தசைத் துடிப்பு திரும்பியதைப் பார்க்காமல் இன்னொரு தசைத்தளர்த்தி போடக்கூடாது. பிளாஸ்மா (இரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றுவதாயிருந்தால் அதற்குமுன்பே இரத்த மாதிரி எடுத்துவிடுங்கள். ஏற்றிய பிளாஸ்மாவில் வேறொருவரின் நொதி இருக்கும்.

குறைபாடு உறுதியானால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அதே நிலை இருக்கக் குறைந்தது 25 விழுக்காடு வாய்ப்பு. அவர்களையும் சோதியுங்கள். சக்சமெத்தோனியம், இதே நொதி உடைக்கும் இன்னொரு தசைத்தளர்த்தியான மைவாகூரியம் இரண்டும் கூடாது என்று எழுதிய அட்டை குறைபாடு உள்ளவர்கள் பையில் இருக்கட்டும். மனநலப் பிரிவில் மின்னதிர்வுச் சிகிச்சைக்கும் ஸ்கோலின் போடுவதால் அங்கும் அதைக் காட்டச் சொல்லுங்கள்.