பேரை நீக்கினால் ஆள் தெரியாதா?

குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி, சின்னவிளை, பெரியவிளை பக்கத்துக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. இயற்கைக் கதிர்வீச்சு அங்கே கூடுதல். அதனால் ஆய்வாளர்களுக்கு இந்தக் கரை மேல் எப்போதும் ஒரு கண். ரத்தம் எடுப்பார்கள், வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று எழுதிக்கொள்வார்கள். தேவையான ஆய்வுதான், செய்யட்டும். எழுதிய விவரம் பிறகு எங்கே போகிறது என்பதுதான், நாகர்கோவிலில் ஒரு எத்திக்ஸ் கமிட்டியில், அதாவது மனிதர்கள் மேல் நடக்கும் ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் குழுவில், இருக்கும் டாக்டராக என் கவலை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, இந்தக் கமிட்டியில் பாதிப் பேராவது வெளியாட்களாக இருக்க வேண்டும், தலைவரும் வெளியாள்தான். மருத்துவம் படிக்காத பொதுஜனம் ஒருவரும் வேண்டும். உருப்படியான கேள்வி பெரும்பாலும் அவரிடமிருந்துதான் வரும்.

"பெயர் நீக்கப்படும்" என்று எல்லா ஆய்வுத் திட்டத்திலும் ஒரு வரி இருக்கும். கூடவே வரும் அட்டவணையைப் பாருங்கள்: ஊர், அன்பியம் (கத்தோலிக்கப் பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு), வயது, குழந்தையின் பிறவிக் குறைபாடு. ஒரு அன்பியத்தில் எத்தனை வீடு இருந்துவிடும்? இதை வைத்து எந்த வீடு என்று மீன் விற்கும் அக்காவே சொல்லிவிடுவார். ஒரு பாட்டி எங்கள் நர்ஸிடம் கேட்டார்: "எம்பேர எடுத்தா போதுமா மக்ளே, ஊர்ப்பேரு கெடக்கே? நாளைக்கு இங்க பொண்ணு எடுக்க எவன் வருவான்?"

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனி ஆளைத்தான் காக்கிறது, ஊரை அல்ல. அதிலும், வகுத்த தரங்களின்படி நடக்கும், தனிப்பட்ட ஒருவரைப் பற்றிய முடிவுக்குப் பயன்படாத ஆய்வுக்கு விலக்கு உண்டு. ஆகவே அன்பியம், ஊர் என்ற இரண்டு கட்டத்தையும் எடுத்துவிட்டு வட்டாரம் என்று மட்டும் போடச் சொல்வோம். ஆய்வாளர்கள் முணுமுணுப்பார்கள். சரி, முணுமுணுக்கட்டும்.

இன்னொன்று. பங்குத்தந்தை கோயிலில் அறிவித்துவிட்டார் என்பதற்காக யாரும் ரத்தம் கொடுக்கக் கை நீட்ட வேண்டியதில்லை. ஊர்ப் பெரியவர் அனுமதி வேறு, உங்கள் ஒப்புதல் வேறு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

படிவத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கமிட்டியின் தொடர்பு எண் அதில் இருக்கும். மனம் மாறினால் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆனால் அடையாளம் முழுவதும் அழித்தபின் உங்கள் சாம்பிள் எதுவென்று யாராலும் தேடி எடுக்க முடியாது. விலகுவதானால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.