பல்சக்கரத்தைப் பார்க்க மேட்டுப்பாளையத்தில் ஏறுங்கள்

ஊட்டிக்குச் சுற்றுலா போகும் குடும்பங்கள் பல, மலை ரயிலில் ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே மட்டும் போய்வந்துவிட்டு ஊர் திரும்பிவிடுகின்றன. அந்தப் பகுதியும் அழகுதான். ஆனால் எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறுவதற்காக நடுவே பதித்த பல்தண்டவாளம் அங்கே கிடையாது. வண்டியை இழுப்பது டீசல் எஞ்சின். நீலகிரி மலை ரயிலின் உண்மையான வித்தை கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் நடக்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் காட்ட வேண்டுமானால், காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் நீராவி வண்டியில் இடம் பிடிக்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,203 மீட்டரில். நடுவே 46 கிலோமீட்டர் நீளத்துக்கு, தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலமுள்ள (மீட்டர் கேஜ்) பாதை. குன்னூர் வரை 1899இல் திறந்தார்கள். ஊட்டியை எட்ட 1908 ஆயிற்று. கல்லாறு வரை ஓரளவு சமதரை. அதைத் தாண்டியதும் ஏற்றம் 12க்கு 1 வரை போகிறது. அதாவது, 12 மீட்டர் நகர்ந்தால் 1 மீட்டர் உயரம்.

இந்தச் சரிவில் ஒவ்வொரு டன் எடையும் வண்டியைச் சுமார் 83 கிலோ விசையுடன் கீழ்நோக்கி இழுக்கும். எஞ்சினும் பெட்டிகளுமாக 100 டன் என்று வைத்துக்கொண்டால், நகராமல் நிறுத்தி வைக்கவே 8.3 டன் விசை தேவை. எஞ்சின் 50 டன் என்போம். அதன் முழு எடையும் இயங்கு சக்கரங்கள் மீதே விழுகிறது என்றும் கொள்வோம். உலர்ந்த எஃகுத் தண்டவாளத்தில் அந்த எடையில் கால் பங்கு அளவுக்குப் பிடிப்பு கிடைக்கலாம்: 12.5 டன். கணக்குப்படி போதும். ஆனால் மழை பெய்து, இலைகள் தண்டவாளத்தில் நசுங்கிக் கிடந்தால் பிடிப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும், அதாவது 5 டன். சக்கரம் வழுக்கும், வண்டி பின்னோக்கிச் சரியும். நீலகிரிச் சரிவில் ஈரம் அன்றாட விஷயம் என்பதால், உராய்வை மட்டும் நம்பி இங்கே வண்டி ஓட்ட முடியாது.

அதற்கு விடை சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் 1882இல் காப்புரிமை பெற்ற முறை. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, பற்கள் வெட்டிய இரண்டு எஃகுப் பட்டைகள் அருகருகே ஓடுகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எஞ்சினின் பல்சக்கரமும் அதே போல அரைப் பல் தள்ளிப் பொருத்திய இரட்டை வட்டு. ஒரு வட்டின் பல் விலகும் வேளையில் மற்றதன் பல் பட்டையை நன்றாகப் பற்றியிருக்கும். அதனால் பிடி எப்போதும் விடுபடாது, குலுக்கலும் குறைவு.

பல்தண்டவாளத்தில் நுழையும் இடம்தான் நுட்பமானது. பல்லும் பல்லும் நேருக்கு நேர் மோதினால் உடையும். ஆகவே பட்டையின் தொடக்கப் பகுதியை ஸ்பிரிங் மீது அமைத்திருக்கிறார்கள். மோதினால் அது கீழே அமுங்கும். சக்கரம் சற்றுத் திரும்பியதும் பல் பள்ளத்தில் விழும். ஓட்டுநர் வேகத்தை வெகுவாகக் குறைத்து, பல்சக்கரத்தை முன்கூட்டியே சுழலவிட்டு உள்ளே நுழைகிறார். கல்லாறைக் கடந்ததும் வண்டி ஊர்ந்தால், பிள்ளைகளை ஓசையைக் கவனிக்கச் சொல்லுங்கள். மாற்றம் காதுக்கே தெரியும்.

இங்கே ஓடும் எக்ஸ் வகை நீராவி எஞ்சினின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக இரண்டு உருளைகள் (சிலிண்டர்கள்) தெரியும், மறுபக்கமும் அப்படியே. கொதிகலனின் நீராவி முதலில் கீழ் உருளைக்குப் போய்ச் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகிறது. அங்கே அழுத்தம் குறைந்து வெளியேறும் நீராவி மேல் உருளைக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கீழ்ச் சக்கரங்கள் வழுக்கத் தொடங்கினால் மேலே கூடுதல் நீராவி சேர்ந்து அழுத்தம் ஏறும். அந்த எதிரழுத்தமே வழுக்கலைத் தடுக்கிறது, பல்சக்கரத்துக்கும் வலுவூட்டுகிறது. யாரும் கை வைக்காமலே தன்னைத் திருத்திக்கொள்ளும் இந்த அமைப்புதான் எங்களுக்கு இந்த எஞ்சினில் மிகவும் பிடித்த பகுதி.

ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு ஓடாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாது. முதல் பெட்டியில் நிற்கும் பிரேக்ஸ்மேன் (பிரேக் ஊழியர்) காட்டும் கொடிச் சைகையைப் பெட்டிக்குப் பெட்டி பார்த்துப் பின்னால் கடத்துகிறார்கள். பெட்டிகளிலும் பிரேக் பிடிப்பதற்கான பல்சக்கரம் உண்டு. இறக்கத்தில் எஞ்சினின் உருளைகளே காற்றை அமுக்கும் பம்புகளாக மாறி வேகத்தைத் தடுக்கின்றன. அந்த அமுக்கத்தில் உருளைகள் சூடேறுவதால் தண்ணீர் செலுத்திக் குளிர்விக்கிறார்கள்.

ஊட்டி சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பெட்டியில் கழிப்பறை கிடையாது. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வழியிலுள்ள ஹில்குரோ நிலையத்தில் நிற்கும்போது குழந்தைகளை அழைத்துப் போய்வந்துவிடுங்கள். எஞ்சினை அருகிலிருந்து பார்க்கவும் அதுவே நல்ல இடம். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசலை மாட்டுவார்கள். வண்டி கொஞ்ச தூரம் பின்னோக்கி வந்த பிறகே ஊட்டிப் பாதையில் ஏறும். அங்கிருந்து ஏற்றம் 25க்கு 1 அளவில்தான் என்பதால் உராய்வே போதும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தும் பாறை விழுந்தும் கல்லாறு–குன்னூர் பாதை அடைபடுவதுண்டு. ஒரு நாளில் சரியாகலாம், வாரக்கணக்கிலும் இழுக்கலாம். அந்த மாதங்களில் முன்பதிவு செய்தால், பேருந்தில் மலையேறும் மாற்றுத் திட்டத்தையும் கையில் வைத்திருங்கள்.